டாம்பா டார்பன்ஸ் 2022: 61 வெற்றி, 67 தோல்வி. புது மேனேஜரை இதை வைத்து எடை போடலாமா?

கடைசிஇன்னிங்ஸ்:
ரேச்சல் பால்கோவெக் பற்றிய பேச்சு நாலைந்து இழைகளில் சிதறிக் கிடக்கிறது. ஒரே இடத்தில் வைத்துக்கொள்வோம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: பேச்சு பேஸ்பால் பற்றியது. டாம்பா டார்பன்ஸ் மேஜர் லீக் கழகமான நியூயார்க் யாங்கீஸின் சிங்கிள்-ஏ அணி, அதாவது மைனர் லீக் ஏணியின் கீழ்ப்படிகளில் ஒன்று (அதற்கு மேலே ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ). ஆடுவது ஃபுளோரிடா ஸ்டேட் லீக்கில். 2022 ஜனவரியில் பால்கோவெக்கை மேனேஜராக அறிவித்தார்கள். மேஜர் லீக் கழகங்களோடு இணைந்த ஓர் அணிக்கு முழுநேர மேனேஜரான முதல் பெண். மார்ச் பயிற்சியில் பந்து முகத்தில் பட்டுக் காயம். அப்படியும் ஏப்ரல் 8 அன்று லேக்லாண்டில் முதல் ஆட்டத்துக்கு டக்அவுட்டில் (அணி உட்காரும் இடம்) இருந்தார், 9-6 வெற்றி. சீசன் முடிவில் கணக்கு 61-67.

பக்கத்து இழையில் ஒருவர், "ஊரெல்லாம் பேசினார்கள், கடைசியில் தோத்த டீம்தானே" என்று எழுதியிருந்தார். என் கேள்வி வேறு. சிங்கிள்-ஏ-வில் ஒரு மேனேஜர் கையில் உண்மையிலேயே என்ன இருக்கிறது? பலவீனமான அணி ஒன்று அவர் கைக்கு வந்தால் எதை மாற்ற முடியும், எதைத் தொடவே முடியாது? ஆள் நல்லவரா கெட்டவரா என்பதை விடுங்கள், வேலையைப் பற்றி எழுதுங்கள்.

மூணாவதுபேஸ்:
முதல்ல ஒண்ணைத் தெளிவாக்கிடலாம். இணைந்த அணியில மேனேஜர் ஆளெடுக்கறதில்ல. வீரர், பிட்சிங் கோச், பேட்டிங் கோச், ட்ரெய்னர் எல்லாரும் தாய்க் கழகத்தோட (இங்க யாங்கீஸ்) சம்பளப் பட்டியல். யார் எந்த அணியில ஆடணும், யாரு வாரத்துக்கு எத்தனை நாள் ஆடணும், பிட்சர் (பந்து எறியறவன்) எத்தனை பந்து போடணும்னு முடிவு பண்றது வீரர் வளர்ச்சிப் பிரிவு. மேனேஜர் ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் ராத்திரி அவங்களுக்கு அறிக்கை அனுப்பணும்: யாருக்கு எங்க வலி, எத்தனை பந்து, எந்த பேட்டர் எந்தப் பந்துக்குத் தடுமாறறான், எவன் ஓடாம நின்னான்.

அதனால ஜூன் மாசம் நல்லா ஆடறவனை மேல தூக்கிடுவாங்க. 2022-ல ஹாசன் டொமிங்கெஸ் டாம்பாவுல தொடங்கி ஜூலையில ஹை-ஏ போயிட்டான், செப்டம்பர்ல டபுள்-ஏ. யாங்கீஸ் கண்ணுக்கு அது டாம்பாவோட வெற்றி. ஸ்டாண்டிங்ஸ்ல (வெற்றி தோல்விப் பட்டியல்) அதே விஷயம் ஓட்டை. ஜூலை டிராஃப்ட்ல (கழகங்க புது வீரர்களை முறை வச்சுத் தேர்ந்தெடுக்கறது) வந்த கல்லூரிப் பசங்க ஆகஸ்ட்ல வந்து அந்த ஓட்டையை அடைப்பாங்க. ஏப்ரல் அணியும் ஆகஸ்ட் அணியும் ஒரே சட்டை போட்ட ரெண்டு வேற அணி.

61-67-ஐ வச்சு மேனேஜரை எடை போடறது, ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாரை அவர் வகுப்புல இந்த வருஷம் எத்தனை பிள்ளைங்க மிச்சம் இருக்காங்கன்னு எண்ணி மார்க் போடற மாதிரி.

பழையஸ்கோர்கார்டு:
அப்படிப் பார்த்தால் மேனேஜர் என்று ஒருவர் எதற்கு? அறிக்கை அனுப்ப ஒரு குமாஸ்தா போதுமே.

1987 சால்ட் லேக் டிராப்பர்ஸை நினைத்துப் பாருங்கள். பயனியர் லீக் என்ற மைனர் லீக்கில் ஆடிய அணி. தாய்க் கழகம் கிடையாது. டிராஃப்டில் யாரும் தொடாத பையன்கள், வேறு கழகங்கள் வெட்டிவிட்டவர்கள். மேனேஜர் ஜிம் கில்லிகன். அந்த அணி தொடர்ந்து 29 ஆட்டங்கள் ஜெயித்தது, ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை கடைசி வரை. அதற்கு முன் சாதனை 27: 1902-ல் கோர்சிகானா, 1921-ல் பால்டிமோர். எதிரே ஆடிய அணிகளில் டிராஃப்டில் எடுத்த, போனஸ் வாங்கிய பையன்கள். அது எப்படிச் சாத்தியமானது?

சுருள்பந்து:
பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது ஐயா. "தாய்க் கழகம் கிடையாது" என்றீர்களே, அதுதான்.

டிராப்பர்ஸுக்கு ஜெயிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. 21, 22 வயதுக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுத்தார்கள். எதிரணிகளில் 18, 19 வயதுப் பையன்கள், அதில் பலர் அந்த வருஷம்தான் மர பேட்டைக் கையில் பிடித்தவர்கள். எதிரணி மேனேஜர் தோற்றுக்கொண்டிருந்தாலும் தன் முதல் சுற்றுத் தேர்வைத்தான் ஆட வைக்க வேண்டும். கில்லிகன் நேற்று யார் நன்றாக அடித்தானோ அவனை இன்று ஆட வைக்கலாம். தன் நல்ல பிட்சரை ஏழாவது இன்னிங்ஸிலும் விட்டுவைக்கலாம். அந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு: எந்தக் கழகமும் தேர்ந்தெடுக்காதவர்கள் என்று தெரிந்தே ஆடினார்கள்.

போர்ட்லாண்ட் மேவரிக்ஸும் (1973-77) இதே கதை. பசிபிக் கோஸ்ட் லீக் அணி ஊரைவிட்டுப் போனதும் நடிகர் பிங் ரஸ்ஸல் அந்த இடத்தில் தாய்க் கழகம் இல்லாத ஒரு அணியை நட்டார். 1977-ல் 44-22. இறுதித் தொடரில் தோல்வி. அடுத்த வருஷம் பசிபிக் கோஸ்ட் லீக் திரும்பி வந்து ஊரைக் கேட்டது, இழப்பீடு பேரம் நடுவர் வரை போய் 2,06,000 டாலரில் முடிந்தது. மைதானத்தில் ஜெயித்ததைவிட அதுதான் பெரிய வெற்றி என்பேன்.

சுயேச்சை அணி மேனேஜருக்கு போன்தான் ஆயுதம்: ஆள் தேடுவார், ஒப்பந்தம் போடுவார், சரிப்படாவிட்டால் அனுப்பிவிடுவார். இணைந்த அணி மேனேஜருக்கு இது எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

பழையஸ்கோர்கார்டு:
ஒப்புக்கொள்கிறேன், பாதி. மீதி பாதிக்கு இன்னும் பதில் வரவில்லை: இணைந்த அணி மேனேஜர் வேலை என்ன?

புதுசாவந்தவன்:
அண்ணன்மாரே, கிரிக்கெட் பார்த்து வளர்ந்த தலை இது. மேனேஜர்னா கேப்டனா, கோச்சா? பவுலரை மாத்தறது அவரா? இந்தத் தாய்க் கழகம் பந்து எண்ணிக்கை சொல்லிட்டா அவர் என்ன மாத்துவாரு?

சுருள்பந்து:
கேப்டனும் கோச்சும் சேர்ந்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஆனால் களத்தில் இறங்கி ஆடமாட்டார். பிட்சரை மாற்றுவது அவர்தான். "எத்தனை பந்து" என்பது மேலிருந்து வரும். "எப்போது, யாருக்கு எதிராக, யார் அடுத்து" என்பது அவர் கையில்.

கணக்காகச் சொன்னால் விளங்கும். 2021 முதல் அட்டவணை செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், 6 × 9 = 54 இன்னிங்ஸ். பல கழகங்கள் ஆறு தொடக்க பிட்சர் வைக்கின்றன, ஒருவருக்கு வாரம் ஒரு நாள். சிங்கிள்-ஏ-வில் ஒரு தொடக்க பிட்சர் நாலரை, ஐந்து இன்னிங்ஸ்தான் போவான். ஆறு பேரும் சேர்ந்து 27 முதல் 30. மிச்சம் 24 முதல் 27 இன்னிங்ஸ். புல்பென்னில் (பின்னால் இறங்கும் மாற்று பிட்சர்கள்) எட்டு பேர், ஒருவருக்கு வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒன்றரை இன்னிங்ஸ்: 8 × 2 × 1.5 = 24. பார்த்தீர்களா, சரியாகப் பொருந்தினாலே மூச்சுத் திணறுகிறது. இந்த மட்டத்தில் அடுத்தடுத்த நாள் போட விடுவது அபூர்வம் என்பதால் "நேற்று போட்டவன் இன்றும் வா" என்பதும் நடக்காது.

இப்போது புதன்கிழமை தொடக்க பிட்சர் இரண்டாவது இன்னிங்ஸிலேயே 35 பந்து போட்டுத் திணறுகிறான். ஒரே இன்னிங்ஸில் இவ்வளவு போட்டால் எடுத்துவிடு என்பது பொதுவான நடைமுறை. எடுத்தாயிற்று. மூன்று இன்னிங்ஸ் கடன். அந்தக் கடன் வெள்ளி இரவு வட்டியோடு வந்து நிற்கும்.

சமாளிக்கும் வழிகள்:

செவ்வாய் காலையே வாரம் முழுவதற்குமான தாள் தயாராக வேண்டும். வரிசையில் பிட்சர் பெயர், கட்டத்தில் நாள். திட்டமிட்ட பந்து ஒரு நிறம், உண்மையில் போட்டது வேறு நிறம். இருவரை "நீளமானவர்" என்று ஒதுக்கி வையுங்கள், மூன்று இன்னிங்ஸ் போகக்கூடியவர்கள். இவர்களை வெற்றிக்காகச் செவ்வாயன்றே செலவழித்துவிடுவதுதான் புது மேனேஜர் செய்யும் முதல் தவறு. ஏழு ரன் பின்னால் இருக்கும் ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸை ஒரு பேட்டரைப் போடச் சொல்லி முடிப்பது அவமானம் இல்லை, சிக்கனம். இன்னொன்று: வெளியூர் அணி பின்தங்கினால் எட்டு இன்னிங்ஸ்தான் பந்து போட வேண்டும். சில்லறைதான், ஆனால் எண்ணுங்கள்.

ஃபுளோரிடா கோடையில் மாலை இடி மழை வாடிக்கை. ஆட்டம் நின்று முக்கால் மணி நேரம் தாண்டினால் தொடக்க பிட்சரைத் திரும்ப அனுப்பமாட்டார்கள். மழை ஆட்டத்தையே தின்றுவிட்டால் மறுநாள் இரட்டை ஆட்டம், தலா 7 இன்னிங்ஸ். 9-க்குப் பதில் 14. அதற்கு ஓர் உபரி கை வேண்டும்.

மூணாவதுபேஸ்:
சுருள்பந்து தாளை அருமையா விளக்கிட்டாரு. நான் பலவீனமான அணி எங்க ரன் திருடலாம்னு சொல்றேன்.

சிங்கிள்-ஏ ஆட்டத்தை ஹோம் ரன் தீர்மானிக்கறதைவிட ஓசி பேஸ் தீர்மானிக்கறது அதிகம். வாக் (நாலு தப்பான பந்துக்கு முதல் பேஸ் இலவசம்), உடம்புல பட்ட பந்து, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால நிக்கறவன்) விட்ட பந்து, தப்பான த்ரோ, திருடின பேஸ். ரெண்டு அணிக்கும் இதைத் தனித்தனியா எண்ணி டக்அவுட்ல ஒட்டி வைங்க. நாம குடுத்தது 9, வாங்கினது 4-ன்னா, ஸ்கோர் என்னவா இருந்தாலும் நாளைக்கு எதைப் பயிற்சி பண்ணணும்னு தெரிஞ்சிடும்.

ஸ்டீல் (பேஸ் திருடறது) கணக்கு: பிட்சர் கால் தூக்கின நொடியிலிருந்து கேட்சர் கைக்குப் பந்து வர 1.3 விநாடி, கேட்சர் எடுத்து ரெண்டாவது பேஸுக்குப் போட 2.0 விநாடி. மொத்தம் 3.3. நல்ல ரன்னர் 3.4 எடுப்பான். அப்போ அவுட். ஆனா சிங்கிள்-ஏ பிட்சர்ல பாதிப் பேர் 1.5, வளைபந்து போட்டா இன்னும் மெதுவு. அங்க பேஸ் சும்மா கிடக்குது. முதல் பேஸ் கோச் கையில ஸ்டாப்வாட்ச் இருக்கறது அதுக்குத்தான். 2022-ல பேஸ் பலகை 15 அங்குலத்திலிருந்து 18 ஆச்சு, முதல் பேஸுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல நாலரை அங்குலம் குறைஞ்சுது. அதைவிடப் பெருசு, பிட்சர் பலகையை விட்டு ரெண்டு தடவைதான் விலகலாம்ங்கற விதி. மூணாவது தடவை விலகி ஆளைப் பிடிக்காம விட்டா பாக் (பிட்சரோட விதிமீறல்), ரன்னருக்கு ஒரு பேஸ் இலவசம். அதனால ரெண்டு விலகல் முடிஞ்சதும் நம்ம ரன்னர் லீடை (பேஸை விட்டுத் தள்ளி நிக்கற தூரம்) ஒரு அடி கூட்டணும். இது தெரியாம அதே இடத்துல நிக்கற பசங்க நிறைய. சொல்லிக் குடுக்கறது மேனேஜர் வேலை.

பத்துக்கு ஏழு தடவைக்கு மேல ஜெயிச்சாத்தான் ஸ்டீல் லாபம், அதுக்குக் கீழே நஷ்டம். அதையும் பையனுக்குச் சொல்லணும்.

பழையஸ்கோர்கார்டு:
பண்ட்? பேட்டை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட் ஆனாலும் ரன்னரை நகர்த்துவது. பலவீனமான அணியின் பழைய நண்பன் அல்லவா.

மூணாவதுபேஸ்:
நண்பன் வேஷத்துல வந்த கடன்காரன். முதல் பேஸ்ல ஆள், அவுட் இல்ல: அங்கிருந்து சராசரியா 0.9 ரன் வரும். பண்ட் பண்ணி ரெண்டாவது பேஸ்ல ஆள், ஒரு அவுட்: 0.7. ஒரு அவுட்டைக் குடுத்து ரன்னையும் குறைச்சுக்கறோம். இது மேஜர் லீக் சராசரி. கீழே எறிதல் பிழை அதிகங்கறதால பண்ட் கொஞ்சம் மேலாத் தெரியும், ஆனா அந்தப் பிழையை நம்பித்தான் ஒரு பையனோட பேட்டிங் வாய்ப்பைத் தூக்கிக் குடுக்கணுமா?

ஒரே இடம் விதிவிலக்கு. மைனர் லீக்ல 2018 முதல் பத்தாவது இன்னிங்ஸ்ல ரெண்டாவது பேஸ்ல இலவச ரன்னர். சொந்த மைதானம், எதிரணி மேல்பாதியில (வெளியூர் அணி பேட் பண்ற முதல் பாதி) ரன் எடுக்கல, நமக்கு ஒரு ரன் போதும். அப்போ ஒரு ரன்னாவது வர வாய்ப்பு 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. பண்ட் பண்ணி மூணாவதுக்கு நகர்த்தினா 65-ஐத் தாண்டும். அங்க பண்ணுங்க. வெளியூர் அணி மேல்பாதியில பண்ணக் கூடாது, ரெண்டு ரன் வேணும் அவங்களுக்கு.

(பயனியர் லீக் இந்தத் தலைவலியே வேண்டாம்னு 2021-ல கூடுதல் இன்னிங்ஸை எடுத்துட்டு ஹோம் ரன் போட்டி வச்சுட்டாங்க. ஆளுக்கு அஞ்சு பந்து. கோயில் திருவிழாவுல பலூன் சுடற மாதிரி இருக்கும், ஆனா கூட்டம் எழுந்து நிக்குது.)

முகமூடிக்காரன்:
ஃபுளோரிடா ஸ்டேட் லீக் என்றால் ரோபோ அம்பயரைச் சொல்லாமல் போக முடியாது. 2021-லிருந்தே அங்கே ஸ்ட்ரைக் (கட்டத்துக்குள் வந்த பந்து), பால் (கட்டத்துக்கு வெளியே போன பந்து) தீர்ப்பை இயந்திரம் சொல்லும் சோதனை. அம்பயர் காதில் இயர்ஃபோன். இயந்திரம் சொன்னதை அவர் உரக்கச் சொல்வார். 2022-ல் சில ஆட்டங்களில் மனித அம்பயரே தீர்ப்புச் சொல்ல, அணிகள் முறையிடும் ஏற்பாட்டையும் சோதித்தார்கள்.

இதனால் கேட்சர் தேர்வே மாறியது. வழக்கமாகக் கேட்சர் விளிம்புப் பந்தைக் கையுறையால் நைசாக உள்ளே இழுத்து அம்பயரை நம்ப வைப்பான். இயந்திரத்திடம் இது செல்லாது. எனவே முழு இயந்திர ஆட்டங்களில் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி அழகாகப் பிடிப்பவனைவிட, மண்ணில் விழும் பந்தை மார்பால் தடுப்பவனும் இரண்டாவது பேஸுக்கு 2.0-க்குள் எறிபவனும்தான் மதிப்பு. ரன்னர் இருக்கும்போது முழங்காலை ஊன்றாதே என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

சிக்கல் என்ன? தாய்க் கழகம், "மேலே போனால் மனித அம்பயர்தான், அவன் பிடிக்கும் கலையையும் பழக வேண்டும்" என்றது. இன்றைய ஆட்டத்துக்கு ஒன்று, நாளைய தொழிலுக்கு ஒன்று. மேனேஜர் நடுவில். அன்றைய நிலவரப்படி கழகம் சொன்னதுதான் நடக்கும்.

பிட்சர் பக்கம்: இயந்திரக் கட்டம் மனிதர் தரும் கட்டத்தைவிடச் சிறியதாக இருந்ததால் வாக் கூடியது. பக்கவாட்டு விளிம்பில் ஒரு பந்து தள்ளி வாங்கிப் பழகியவர்கள் திண்டாடினார்கள். பெரிய வளைபந்துக்காரர்களுக்கு லாபம்: கட்டத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் தாழ்வாகப் போய் விழும் பந்தையும் இயந்திரம் ஸ்ட்ரைக் என்றது, மனித அம்பயர் பெரும்பாலும் தரமாட்டார்.

கடைசிஇன்னிங்ஸ்:
பிட்ச் கடிகாரமும் (இத்தனை விநாடிக்குள் பந்து போட வேண்டும் என்பது) அந்த வருஷம்தானே?

முகமூடிக்காரன்:
ஆமாம். 2022-ல் ரன்னர் இல்லாதபோது 14 விநாடி, ரன்னர் இருந்தால் 18 (டிரிபிள்-ஏ-வில் 19). 9 விநாடி மிச்சமிருக்கும்போது பேட்டர் தயாராக நிற்க வேண்டும். பிட்சர் தவறினால் ஒரு பால், பேட்டர் தவறினால் ஒரு ஸ்ட்ரைக். ஆட்ட நேரம் சுமார் 25 நிமிடம் குறைந்தது. முதல் சில வாரங்களில் பறிபோன ஸ்ட்ரைக்குகளில் பல வெறும் பழக்க தோஷம்: பேட்டர் கையுறை பட்டையை இழுத்து ஒட்டிக்கொண்டே நிற்பான். பயிற்சி பேட்டிங்கிலும் கடிகாரத்தை ஓட விட்ட அணிகளுக்கு அந்த வலி குறைவு.

புதுசாவந்தவன்:
இதெல்லாம் முன்கூட்டியே செய்யற வேலை. ஆட்டத்துக்கு நடுவுல மேனேஜர் நேரடியாத் தோக்க வைக்கற தப்பு ஏதாவது?

மூணாவதுபேஸ்:
லைன்அப் கார்டு. சின்னத் தாள், பெரிய வினை.

ஆட்டத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஹோம் பிளேட்ல (பேட்டர் நிக்கற இடம்) ரெண்டு அணியும் பேட்டிங் வரிசை எழுதின கார்டை மாத்திக்கறாங்க. அம்பயர் ஏத்துக்கிட்ட பிறகு அதுதான் சட்டம். டக்அவுட் சுவத்துல ஒட்டினது வேற, அம்பயர் பையில இருக்கறது வேறன்னு ஆச்சுன்னா, அம்பயர் பைதான் ஜெயிக்கும். ரெண்டையும் ஒரு கோச் உரக்கப் படிச்சு ஒத்துப் பாக்கணும்: பேரு, சட்டை எண், இடம். ஒரே குடும்பப் பெயர்ல ரெண்டு பேர் இருந்தா முதலெழுத்து கட்டாயம். ரோட்ரிகெஸ் மூணு பேர் இருக்கற அணியெல்லாம் உண்டு.

வரிசை மாறி ஒருத்தன் பேட் பண்ணிட்டான்னா: அவன் இன்னும் ஆடிக்கிட்டிருக்கும்போதே கண்டுபிடிச்சா தண்டனை இல்ல, சரியான ஆள் வந்து அதே கவுன்ட்ல (ஸ்ட்ரைக், பால் எண்ணிக்கை) தொடருவான். அவன் ஆடி முடிச்சு, அடுத்த பேட்டருக்கு முதல் பந்து போடறதுக்குள்ள எதிரணி முறையிட்டா, உண்மையா ஆட வேண்டியவன் அவுட், தப்பா ஆடினவன் அடிச்சதெல்லாம் ரத்து. அடுத்த பந்து விழுந்துட்டா எல்லாம் செல்லும். அதனால நீங்க எதிரணி மேனேஜர்னா நடுவுல கத்தாதீங்க. தப்பான ஆள் அவுட் ஆனா வாயைத் திறக்கவே வேண்டாம், ஹிட் அடிச்சா மட்டும் அம்பயர்கிட்ட நடங்க.

அடுத்தது டிஎச், பிட்சருக்குப் பதிலா பேட் மட்டும் பண்றவர். கேட்சர் காயம்பட்டாரு, டிஎச்-ஆ ஆடற ரெண்டாவது கேட்சரை உள்ள அனுப்பறீங்க. அந்த நொடியில டிஎச் போச்சு, ஆட்டம் முடியற வரைக்கும் பிட்சர் இடத்துக்கு ஒருத்தன் பேட் பிடிக்கணும். பெஞ்ச்ல நாலு பேர் மட்டும் இருக்கற அணிக்கு இது கழுத்துக் கயிறு. ரெண்டு கேட்சர்தான் இருக்காங்கன்னா ரெண்டாவது கேட்சரை டிஎச்-ஆ போடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

மூணாவது, மேனேஜர் ஒரே இன்னிங்ஸ்ல ஒரே பிட்சர்கிட்ட பேச ரெண்டாவது தடவை களத்துக்குள்ள நடந்து போயிட்டா அவனை எடுத்தே ஆகணும். பிட்சிங் கோச் போனதும் கணக்குல சேரும். மேனேஜர் கோபத்துல கோட்டைத் தாண்டிக் கால் வச்சு, புல்பென்ல யாருமே சூடாகலன்னா, அப்புறம் உக்காந்து அழ வேண்டியதுதான்.

பழையஸ்கோர்கார்டு:
இப்போதுதான் இழை சூடு பிடிக்கிறது. ஒன்று சேர்க்கிறேன். சிங்கிள்-ஏ-வில் மேனேஜர் பல இடங்களில் மூன்றாவது பேஸ் கோச்சாகவும் நிற்பார். அங்கே நிற்பவரின் கை ஒரு சீசனில் எத்தனை ரன்னைத் தருகிறது, எத்தனையைக் கொல்கிறது என்பதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். யாராவது அதை விளக்கினால் தேவலை.

மூணாவதுபேஸ்:
என் பேரையே கூப்பிட்ட மாதிரி இருக்கு ஐயா.

ரெண்டாவது பேஸ்ல ரன்னர், வெளியே சிங்கிள். கோச் பெட்டிக்குள்ளயே நின்னா ரன்னர் அவரைத் தாண்டற வரைக்கும்தான் பாப்பான். அதனால கோட்டோரமா ஹோம் பக்கம் இறங்கி நிக்கணும். முடிவைக் கடைசி நொடி வரைக்கும் தள்ளிப் போடலாம். ரன்னர் மூணாவதை மிதிக்கறதுக்கு முன்னாடியே ஃபீல்டர் கையில பந்து இருந்தா நிறுத்து. மிதிச்ச பிறகு எடுத்தா அனுப்பு. இது அடிப்படை.

அதுக்கு மேல அவுட் எண்ணிக்கை. அவுட் இல்லன்னா பத்துக்கு ஒன்பது நிச்சயம் வேணும், ஏன்னா பின்னால மூணு பேர் அடிக்க இருக்காங்க. ரெண்டு அவுட்னா மூணுல ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே அனுப்பு. நிறுத்தினா அடுத்தவன் ஹிட் அடிக்கற வாய்ப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். புது கோச் செய்யற தப்பு நேர் எதிர்: அவுட் இல்லாதப்போ உற்சாகத்துல கையைச் சுத்துவாரு, ரெண்டு அவுட்ல பயந்து நிறுத்துவாரு. ரெண்டு அவுட்ல ஹோம்ல அவுட் ஆனா ரசிகர் திட்டுவாங்க, நிறுத்தி வச்சு அடுத்தவன் ஸ்ட்ரைக் அவுட் ஆனா யாரும் திட்டமாட்டாங்க. அதான் காரணம்.

சிங்கிள்-ஏ-வில ஃபீல்டர் கை பலமா இருக்கும், குறி இருக்காது. கட்-ஆஃப் ஆள் (எறிதலை நடுவுல வாங்கறவன்) பாதி நேரம் தப்பான இடத்துல நிப்பான். மேஜர் லீக்ல நிறுத்த வேண்டியதை இங்க அனுப்பலாம்.

சுருள்பந்து:
மொழி விஷயத்தையும் விடாதீர்கள். இந்த மட்டத்தில் டொமினிகன் குடியரசு, வெனிசுலா பையன்கள் நிறைய. பால்கோவெக் முன்பு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸில் லத்தீன் அமெரிக்க வீரர்களின் உடற்பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர், ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவர். ஏதோ நல்ல குணம் என்று இதைப் படிக்காதீர்கள், வேலைக்கான கருவி. ஆங்கிலத்தில் மட்டும் விளக்கினால் பையன் தலையாட்டுவான்; எட்டாவது இன்னிங்ஸில்தான் புரியவில்லை என்று தெரியும். களத் திட்டங்களுக்கு 1 முதல் 9 வரை இட எண்களையே பெயராக வைத்தால் மொழி குறுக்கே வராது. "6-ல் வெட்டு, 2-க்கு எறி" என்றால் இரண்டு மொழிக்காரனுக்கும் ஒன்றுதான்.

சோறும் தூக்கமும் அப்படித்தான். வீரர்களுக்குத் தங்குமிடத்தைக் கழகங்களே தர வேண்டும் என்பது 2022-ல்தான் வந்தது. 2023 ஒப்பந்தம் சிங்கிள்-ஏ ஆண்டுச் சம்பளத்தை 26,200 டாலர் ஆக்கியது. அதற்கு முன் நாலு பேர் ஒரு அறையில் காற்று மெத்தையில் படுத்துவிட்டு வந்தவனிடம் "ஏன் கால் நகரவில்லை" என்று கேட்ட காலம்.

கடைசிஇன்னிங்ஸ்:
இன்னொரு கணக்கு. அந்த லீக்கில் சீசன் இரண்டு பாதி. முதல் பாதியில் பிரிவில் முதலிடம் வந்தவரும், இரண்டாம் பாதியில் வந்தவரும் பிளேஆஃப் போவார்கள். ஜூன் கடைசியில் எல்லாருக்கும் 0-0. ஏப்ரலில் அடி வாங்கிய அணிக்கு மறுபிறவி. அப்படியென்றால் 61-67 என்ற மொத்த எண்ணுக்கே அங்கே பெரிய அர்த்தம் இல்லை, சரிதானே?

முகமூடிக்காரன்:
சரி. டெர்ரி ஃபிராங்கோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-ல் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற டபுள்-ஏ அணியின் மேனேஜர், அவரிடம் கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் .202 சராசரியில் அடித்தார், 30 ஸ்டீல். அந்த அணியும் வென்றதைவிடத் தோற்றது அதிகம். பத்து வருஷம் கழித்து பாஸ்டனுக்கு உலகத் தொடர் வாங்கித் தந்தவர் அதே ஃபிராங்கோனா. பால்கோவெக்கை 2024 ஜனவரியில் மயாமி மார்லின்ஸ் வீரர் வளர்ச்சிப் பிரிவுக்கே இயக்குநராக அழைத்துக்கொண்டது. ராத்திரி அறிக்கை எழுதி அனுப்பியவர், அதை வாங்கிப் படிக்கும் நாற்காலிக்குப் போனார். அழைத்தவர்கள் ஸ்டாண்டிங்ஸைப் பார்த்து அழைக்கவில்லை.

பழையஸ்கோர்கார்டு:
குமாஸ்தா என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் டிக்கெட் வாங்கி வருகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி நிற்கிறது. அவர் ஜெயிப்பதைப் பார்க்கத்தான் வருகிறார்.

புதுசாவந்தவன்:
கடைசியா ஒண்ணு. சுருள்பந்து அண்ணன் "6-ல் வெட்டு, 2-க்கு எறி"ன்னாரே, அது எந்த நேரத்துல?

முகமூடிக்காரன்:
முதல் பேஸிலும் மூன்றாவதிலும் ரன்னர் இருக்கும்போது. முதல் பேஸ்காரன் வேண்டுமென்றே இரண்டாவதுக்கு ஓடுவான். கேட்சர் அங்கே எறிந்ததும் மூன்றாவதில் இருப்பவன் ஹோமுக்குப் பாய்வான். சிங்கிள்-ஏ-வில் வாரம் ஒரு தடவையாவது பார்க்கலாம்.

கேட்சருக்கு நாலு வழி. ஒன்று, நேராக இரண்டாவதுக்கு. இரண்டு, ஷார்ட்ஸ்டாப் (6) பேஸுக்குப் பத்துப் பதினைந்து அடி முன்னால் வந்து நிற்பான். மூன்றாவதுக்காரன் பாய்ந்தால் பந்தை இடையில் வெட்டிக் கேட்சருக்கு (2) திருப்புவான், பாயாவிட்டால் விட்டுவிடுவான். மூன்று, பிட்சர் தலை உயரத்துக்கு வேகமாக எறிந்து அவனையே பிடிக்கச் சொல்வது. ரன்னர் ஏமாந்து பாதி வழியில் மாட்டுவான். நாலு, எறிவதுபோலக் கை வீசிவிட்டு மூன்றாவதுக்கு.

எது என்று பந்து போடும் முன்பே டக்அவுட்டிலிருந்து சைகை போக வேண்டும். கேட்சர் எழுந்து நின்று மார்பு, முகமூடி, தொடை என்று தொட்டு மற்றவர்களுக்குச் சொல்வான். மூன்று ரன் முன்னால் இருந்தால் முதல் வழி, ஒரு ரன்னைக் கொடுத்து அவுட்டை வாங்கு. ஒரே ரன் வித்தியாசம், கடைசி இன்னிங்ஸ் என்றால் இரண்டாவது.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். கேட்சர் பதற்றத்தில் உயரமாக எறிவான், 6 எட்டமாட்டான். எந்த வழி என்று தெரியாத பிட்சர் கையை நீட்டித் தடுப்பான். அதனால் மூன்றாவது வழி அல்லாதபோது பிட்சர் குனிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது பேஸ்மேன் "ஓடுறான்" என்று கத்துவது அரை விநாடி தாமதமாகும். வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், உண்மையான ரன்னர்களை ஓடவிட்டுப் பழக்கினால் இந்த மூன்றும் ஜூனுக்குள் சரியாகிவிடும்.